வெப்சைட் திறக்கிறது, மெயில் வரவில்லை: டிஎன்எஸ் தெரிந்தவர்கள் உதவவும்

சிப்ஸ்கடை_மார்த்தாண்டம்:
வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். நன்றாகத் திறக்கிறது. ஆனால் மெயில் ஒன்றும் வரவில்லை. ஓணத்துக்கு ஏத்தங்காய் சிப்ஸ் ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். டிஎன்எஸ்ஸில், அதாவது வெப்சைட் பெயரை சர்வர் முகவரியோடு சேர்க்கும் பதிவுகளில், ஏ ரெக்கார்டு சரியாக இருக்கிறது. அவசரம்.

தக்கலை_தம்பி:
அண்ணே, நேம்சர்வரையும் (இந்த ரெக்கார்டுகளை வைத்துப் பதில் சொல்லும் சர்வர்) மாற்றினீர்களா, ஏ ரெக்கார்டை மட்டுமா? மெயில் யாரிடம் வைத்திருக்கிறீர்கள்? அனுப்பியவர்களுக்கு என்ன பிழை திரும்பி வருகிறது?

குளச்சல்_கணினி:
எஸ்பிஎஃப்தான் (எந்த சர்வர் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) காரணம். அது இருக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டைப் பாருங்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கணும்.

நாஞ்சில்_அட்மின்:
எஸ்பிஎஃப் நாம் அனுப்பும் மெயிலுக்கு. இதுகூடத் தெரியாமல் ஏன் பதில் போடுகிறீர்கள்? மக்கா, ஏ ரெக்கார்டு பெயரை ஐபிவி4 என்ற எண் முகவரியோடு சேர்க்கும், நாலு ஏ போட்டது ஐபிவி6 முகவரியோடு. வெப்சைட்டுக்கு அது போதும். மெயிலை எந்த சர்வரில் கொடுப்பது என்று சொல்வது எம்எக்ஸ். அது இல்லாவிட்டால் அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டு முகவரியிலேயே கொடுக்கப் பார்க்கும். உங்கள் ஆர்டர் எல்லாம் புது ஹோஸ்டிங்கின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

முட்டம்_கடற்கரை:
48 மணி நேரம் பொறுங்கள், மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவிவிடும்.

தக்கலை_தம்பி:
எதுவும் பரவுவதில்லை. டிடிஎல் (பதிலை எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்ற எண்) முடியும் வரை ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் சர்வர்) பழைய பதிலை வைத்திருக்கும், அவ்வளவுதான். 3600 என்றால் ஒரு மணி நேரம்.

முட்டம்_கடற்கரை:
டாட் காம் சர்வர்கள் தரும் நேம்சர்வர் பதிலுக்கு டிடிஎல் 172800 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 48 மணி நேரம்தான்.

தக்கலை_தம்பி:
சரி, அது நேம்சர்வருக்கு. புது இடத்தில் இல்லாத எம்எக்ஸ் எத்தனை நாள் காத்தாலும் வராது.

சிப்ஸ்கடை_மார்த்தாண்டம்:
நேம்சர்வரும் மாற்றினோம். பழைய பேனலில் (செட்டிங்ஸ் பக்கத்தில்) எம்எக்ஸ் இரண்டு இருக்கிறது, 10, 20 என்று. புதியதில் ஒன்றும் இல்லை. ஐபி போட்டால் போதுமா?

நாஞ்சில்_அட்மின்:
ஐபி கூடாது. சர்வர் பெயரைத்தான் போடணும், அந்தப் பெயர் சி-நேம் (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) ஆகவும் இருக்கக் கூடாது. இரண்டையும் அதே எண்ணோடு போடுங்கள். சின்ன எண்ணுக்குத்தான் முதலிடம்.

சிப்ஸ்கடை_மார்த்தாண்டம்:
போட்டாச்சு. வருகிறது. நன்றி அண்ணே.

குளச்சல்_கணினி:
பழைய டெக்ஸ்ட் ரெக்கார்டுகளையும் கொண்டுவந்தீர்களா? எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் ரெக்கார்டு) இல்லாமல் நீங்கள் அனுப்பும் பில் ஸ்பாமில் விழலாம்.

தக்கலை_தம்பி:
இது சரி. அண்ணே, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.