ஃபுவாத் அஜமி: ஈராக் ஒன்றை வைத்தே எடைபோடலாமா?

நூலகவாசி:
லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஃபுவாத் அஜமியை (1945–2014) 2003இல் ஈராக் மீது போர் தொடுத்த அமெரிக்க அதிபர் 'புஷ்ஷின் ஆள்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 1967 போரில் அரபு நாடுகள் இஸ்ரேலிடம் கண்ட தோல்விக்குப் பழியை வெளியாள் மேல் போடாமல், வீட்டுக்குள் என்ன கோளாறு என்று பார்த்தவர் அவர். 1981இல் வந்த 'அரபு இக்கட்டு' நூல் இன்றும் நிற்கிறது.

கடலோரம்:
நண்பரே, அதை முதலில் கேட்டவர் அஜமி அல்ல. சிரியாக்காரர் சாதிக் அல்-அஸம் 1968இலேயே கேட்டார். அரபியில், அந்த மக்களிடமே கேட்டார். அடுத்த புத்தகத்துக்காக பெய்ரூத்தில் சிறைக்கும் போனார். அஜமி அதை ஆங்கிலத்தில், வாஷிங்டன் கேட்க விரும்பிய நேரத்தில் சொன்னார். 2002 ஆகஸ்டில் அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி ஈராக் போருக்கு ஆதரவு திரட்டிப் பேசியபோது, பாஸ்ராவிலும் பாக்தாத்திலும் மக்கள் மகிழ்ச்சியில் தெருவுக்கு வருவார்கள் என்ற அஜமியின் கணிப்பைத்தான் பேர் சொல்லி மேற்கோள் காட்டினார். அப்புறம் அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

செவ்வந்தி:
அவர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் பாருங்கள். தெற்கு லெபனானில் அர்னூன் என்ற ஷியா முஸ்லிம் கிராமம். கொள்ளுத்தாத்தா ஈரானிலிருந்து வந்தவர். 'அஜமி' என்றாலே அரபியல்லாதவர் என்று பொருள். 1978இல் லிபியா போய்க் காணாமல்போன லெபனான் ஷியா தலைவர் இமாம் மூசா அல்-சதரைப் பற்றி 1986இல் அவர் எழுதிய புத்தகத்தில், யாரும் கண்டுகொள்ளாத அந்த ஏழை ஷியாக்கள் எப்படித் தலைநிமிர்ந்தார்கள் என்பது இருக்கிறது. 1991இல் ஈராக் ஷியாக்கள் கிளர்ந்தபோது சதாம் நசுக்கினார், அமெரிக்கா கைகட்டி நின்றது. அதைப் பார்த்த மனிதர் 2003இல் போரை ஆதரித்ததைப் பதவி ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடலோரம்:
பதவி ஆசை என்று நானும் சொல்லவில்லை. அர்னூன் என்றீர்களே, சரி, அங்கேயே வருவோம். அந்த ஊருக்கு மேலே மலையில் ஷகீஃப் கோட்டை. 1982 ஜூனில் இஸ்ரேல் அதைப் பிடித்தது. பாலஸ்தீன ஆயுதக் குழுக்களால் நொந்துபோயிருந்த தெற்கு ஷியாக்களில் பலர் வந்த படையை அரிசி தூவி வரவேற்றார்கள். படை திரும்பிப் போகவில்லை. கொஞ்ச நாளில் அதே ஊர்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. கோட்டையை விட்டுப் போக 2000 ஆனது. வரவேற்பு எத்தனை நாள் தாங்கும் என்று அமெரிக்காவில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமானால், அது அர்னூனில் பிறந்தவருக்குத்தான். என் கோபமே அதுதான்.

நூலகவாசி:
இது நியாயமான அடி. 2006இல் ஈராக் பற்றி எழுதிய புத்தகத்திலும் அவர் பின்வாங்கவில்லை, அது எனக்கும் வருத்தம். ஆனாலும் சதர் புத்தகத்தை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன்.

கடலோரம்:
கொடுங்கள். கூடவே அர்னூன் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.