புதுப்பிப்பு: இராப்பறவைப் படங்களில் விழும் குறுக்குக் கோடுகள்

ஆந்தை, பக்கி (நைட்ஜார் என்னும் இராப்பறவை) ஆகியவற்றைப் படமெடுக்கச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரும் மங்கலான எல்இடி டார்ச்சும் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் பாதி தவறு.

பல டார்ச்சுகள் விளக்கை நொடிக்குப் பலமுறை அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. விளைவு, படம் முழுக்கக் கோடுகள். பின்னர் நீக்குவது பெரும்பாடு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, டிரைபாடில் 1/30 நொடி வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அமர்ந்திருக்கும் பறவைக்கு அந்த வேகம் தாராளம். தலையைத் திருப்பாத நேரமாகப் பார்த்துப் பத்துப் படம் எடுத்தால் இரண்டு படமாவது தேறும்.

டார்ச்சை லென்ஸை ஒட்டிப் பிடிக்காதீர்கள். பக்கியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு, படத்தில் கண் தணல்போல ஒளிரும். ஒரு கை நீளமாவது பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள்.

ஃபோகஸ்: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6 துளை அளவு, 10 மீட்டர் தூரம் என்றால் கூர்மை ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாக விழும் பகுதி, சுமார் 20 செ.மீ.தான். திரையில் காட்சியைப் பெரிதாக்கி, பறவையின் கண்ணில் ஃபோகஸை மேனுவலாக நிறுத்துங்கள். ஆட்டோ ஃபோகஸ் முன்னால் உள்ள கிளையைத்தான் பிடிக்கும்.

கூட்டருகே மட்டும் எந்த விளக்கும் வேண்டாம்.