இரவு ஒரு மணிக்குக் கிளை ரவுட்டர் ‘தொடர்பில் இல்லை’, விடிந்தால் எல்லாம் சரி: எங்கே தேடுவது?

பின்னல்நகர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் இங்கே, சாயப்பட்டறை பெருந்துறையில். நடுவே 300 மெகாபிட் லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த இணைப்பு), அதன்மேல் விபிஎன் என்ற மறையாக்கப் பாதை. இங்குள்ள சர்வரில் ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஓடுகிறது. எல்லாக் கருவிகளையும் நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்கிறது, அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விவரம் கேட்கிறது. பிசகினால் டெலிகிராமில் செய்தி வரும்.

கடந்த மாதத்திலிருந்து நள்ளிரவு ஒரு மணியைத் தாண்டியதும் பெருந்துறை ரவுட்டர் ‘தொடர்பில் இல்லை’ என்று செய்தி வருகிறது. இரண்டு நிமிடத்தில் ‘சரியாகிவிட்டது’. மறுபடி ‘இல்லை’. இப்படியே இரண்டரை மணிவரை. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச், யுபிஎஸ், கேமரா பதிவுப் பெட்டி, சாய எடைக் கணினிகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தனித்தனியாக அலறுகிறது. காலையில் கைபேசியைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் செய்திகள். இரவுப் பணியில் இருக்கும் தம்பி குழுவையே ஓசையடக்கி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் இங்குள்ள நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைந்த சேமிப்பகம்) ஒரு டிஸ்க் பற்றி வந்த எச்சரிக்கை அந்தக் குவியலுக்குள் புதைந்துபோய், இரண்டு நாள் கழித்துத்தான் யார் கண்ணிலோ பட்டது.

லைன் கொடுத்த நிறுவனம் ‘எங்கள் பக்கம் கோளாறு இல்லை’ என்கிறது. சாயச் சேர்மானக் கணக்கு பெருந்துறை சர்வரிலேயே இருப்பதால் இரவு ஷிப்டுக்குப் பாதிப்பில்லை. முதலாளி, “சாயம் நிற்காமல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகெதற்கு இந்தக் கருவி? அணைத்துவிடுங்கள்” என்கிறார். எங்கே தேடுவது?

நொய்யல்:
பிங் பத்து முறை தவறினால் மட்டும் செய்தி அனுப்பும்படி வையுங்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான். நிம்மதியாகத் தூங்குகிறோம்.

காவிரிக்கரை:
நொய்யல் சொல்வது தூக்கத்துக்கு நல்லது, லைனுக்கு அல்ல. தினமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகிற கோளாறு தற்செயலாக வருவதில்லை. ஏதோ ஒரு வேலை அந்த நேரத்துக்கு எழுந்து ஓடுகிறது.

பின்னல்நகர், முதலில் அந்த ரவுட்டர் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று பாருங்கள். இரவில் மின்சாரம் போய் மறுதொடக்கம் ஆகியிருந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். (எஸ்என்எம்பி சொல்லும் இயங்குகாலம் 497 நாளில் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கணக்கில் அணைக்காத கருவியென்றால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.) அடுத்து, பிங் கிடைத்ததா இல்லையா என்பதை விடுங்கள். அறுந்துபோவதற்கு முந்தைய சில நிமிடங்களில் பதில் வர எவ்வளவு மில்லிசெகண்டு ஆனது? கேபிள் துண்டானால் பதில் நேரம் சாதாரணமாக இருந்து சட்டென்று நிற்கும். நெரிசல் என்றால் முதலில் ஏறும், பிறகுதான் அறும். லைனின் போக்குவரத்துப் படத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்னல்நகர்:
பார்த்தேன் அண்ணா. ரவுட்டர் 43 நாளாக அணையவில்லை. பதில் நேரம் பகலெல்லாம் 4 மில்லிசெகண்டு; ஒரு மணிக்குப் பிறகு விறுவிறுவென்று ஏறி 380 வரை போய், அதன்பிறகுதான் அறுகிறது. நீங்கள் சொன்ன நெரிசல் மாதிரியே இருக்கிறது.

ஆனால் போக்குவரத்துப் படம் அதற்கு ஒத்துவரவில்லை. 300 மெகாபிட் லைனில் அந்த நேரத்தில் 70, 71 மெகாபிட்தான் காட்டுகிறது. இடையிடையே புள்ளியே இல்லாமல் வெற்றிடம். கால்வாசிகூட நிரம்பாத லைனில் நெரிசல் எப்படி வரும்? அந்த நேரத்தில் ஓடுவது பெருந்துறை கோப்பு சர்வரின் பேக்கப் மட்டும்தான். அது இங்குள்ள நாஸுக்கு வருகிறது. காலையில் பார்த்தால் ‘வெற்றி’ என்றே இருக்கிறது.

பழைய முனையம்:
அந்த 71-ஐ நம்பாதீர்கள். அந்த எண்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

ஒன்று கேட்கிறேன். வெற்றிடம் விழுந்த அதே நிமிடங்களில் அதே ரவுட்டரின் சிபியு அளவு பதிவாகியிருக்கிறதா? எஸ்என்எம்பி கேள்வியே போய்ச் சேரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்துதான் காணாமல் போக வேண்டும். சிபியு இருந்து போக்குவரத்து மட்டும் இல்லையென்றால், ரவுட்டர் பதில் சொல்லியிருக்கிறது, நம் மென்பொருள்தான் அதை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது.

அந்த ரவுட்டர் எஸ்என்எம்பி எந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது, எந்த ஓஐடியை (ஒவ்வோர் அளவுக்கும் உரிய முகவரி எண்) கேட்கிறது என்றும் பாருங்கள்.

பின்னல்நகர்:
சிபியு பெரும்பாலும் இருக்கிறது. போக்குவரத்து மட்டும்தான் விடுபட்டிருக்கிறது! முன்பு பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் சேர்த்துவைத்த ரவுட்டர் அது. பதிப்பு 1 என்று இருக்கிறது. ஓஐடி 1.3.6.1.2.1.2.2.1.16.

பழைய முனையம்:
அதேதான். அந்த ஓஐடி 32 பிட் எண்ணி. வெளியே போன பைட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகும். 429 கோடியே 49 லட்சம் சொச்சத்தைத் தொட்டதும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள்போலச் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிட்டில் சொன்னால் ஒரு சுற்று ஏறத்தாழ 3,436 கோடி பிட்.

உங்கள் லைன் முழுவதும் நிரம்பினால் நொடிக்கு 30 கோடி பிட். அதாவது 115 நொடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். நீங்கள் கேட்பதோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அதற்குள் 9,000 கோடி பிட் ஓடியிருக்கும். இரண்டு முழுச் சுற்றுக்கு 6,872 கோடி. அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. மீதி 2,128 கோடி. அதை 300 நொடியால் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 7.1 கோடி, அதாவது 71 மெகாபிட். உங்கள் படத்தில் இருக்கும் எண் இதுதான்.

வெற்றிடத்துக்கும் காரணம் இதுவே. இந்த முறை படித்த எண் முந்தையதைவிடச் சிறியதாக இருந்தால், ‘நொடிக்கு எவ்வளவு’ என்று கணக்கிடும்போது ஜாபிக்ஸ் அந்த அளவைத் தள்ளிவிடும். எனவே உங்கள் படம் காட்டுவது 71-உம் வெற்றிடமும். லைனில் ஓடுவது 300.

64 பிட் எண்ணி 1.3.6.1.2.1.31.1.1.1.10 என்ற இடத்தில் இருக்கிறது. ஆனால் எஸ்என்எம்பி பதிப்பு 1-க்கு 64 பிட் எண்ணியைப் படிக்கத் தெரியாது. குறைந்தது 2சி வேண்டும். ரவுட்டர் ஆதரித்தால் 3-க்கே போய்விடுங்கள், 2சியில் கடவுச்சொல் வெளிப்படையாகத்தான் போகும். உள்வரும் பக்கத்தையும் மாற்ற மறக்காதீர்கள், கடைசி எண் 6.

பேக்கப் ‘வெற்றி’ என்று வருவதில் வியப்பில்லை. அது டிசிபி, பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளும். பிங்குக்கும் எஸ்என்எம்பிக்கும் அந்த வசதி இல்லை. ரவுட்டரின் வரிசை நிரம்பினால் முதலில் அடிபடுவது இவைதான்.

நொய்யல்:
அட, எங்கள் ரவுட்டர்களையும் இப்போதே பார்க்கிறேன்.

மேகக்கோட்டை:
இவ்வளவு குடைவானேன்? மாதக் கட்டணத்தில் ஆர்எம்எம் (தொலைவிலிருந்து கண்காணித்து நிர்வகிக்கும்) சேவை வாங்கினால், கணினியில் அதன் ஏஜென்ட் என்ற சிறு நிரலைப் போட்டதும் எல்லாம் தானாக வந்துவிடுமே. பேட்ச் போடுவது, தொலைவிலிருந்தே சரிசெய்வது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

காவிரிக்கரை:
வாங்கலாம், தவறில்லை. ஆனால் ரவுட்டரில் ஏஜென்ட் போட முடியாது. அந்தச் சேவையும் இதே எண்ணியைத்தான் கேட்கும். இன்னொன்று, ஆர்எம்எம் ஏஜென்ட்டுக்கு ஒவ்வொரு கணினியிலும் உச்ச அதிகாரம் இருக்கிறது. 2021 ஜூலை 2 அன்று கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற ஆர்எம்எம் மென்பொருள் ஓடிய சர்வர்களின் ஓட்டை வழியாகப் புகுந்த ஆர்ஈவில் கும்பல், அந்த ஏஜென்ட் வழியாகவே கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரலை இறக்கியது. 1,500 நிறுவனங்கள்வரை மாட்டின. சுவீடனில் கூப் பேரங்காடி பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. வாங்குகிறவர்கள் இரட்டைச் சரிபார்ப்பு, யார் எங்கிருந்து நுழையலாம் என்ற கட்டுப்பாடு, இந்த இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பின்னல்நகர்:
பதிப்பு 3-க்கு மாற்றி 64 பிட் எண்ணியைப் போட்டேன். நேற்று இரவுப் படத்தில் ஒரு மணி முதல் இரண்டரை வரை 290-க்கு மேல் தட்டையாக, மேசைபோல ஒரு மேடு. பழைய முனையம் அண்ணாவுக்குப் பெரிய நன்றி.

பேக்கப் ஏன் திடீரென்று பெருத்தது என்பதும் தெரிந்துவிட்டது. போன மாதம் பட்டறையில் புதிய கேமராக்கள் போட்டவர்கள், பதிவுகளைக் கோப்பு சர்வரின் பகிர்வுக் கோப்புறைக்குள்ளேயே ஒரு நகல் விழும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தினமும் அந்தக் காணொளியெல்லாம் திருப்பூர் வந்துகொண்டிருந்தது. அதை பேக்கப்பிலிருந்து விலக்கிவிட்டேன். பேக்கப்புக்கு 200 மெகாபிட் வரம்பும் வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. நாளை உண்மையிலேயே லைன் அறுந்தால் பின்னாலிருக்கும் முப்பது கருவியும் மறுபடி அலறுமே, அதைத் தடுப்பது எப்படி? அந்த நாஸ் டிஸ்கில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் முறை) அளவு 197 எச்சரிக்கை வந்தபோது 8, இப்போது 24. பொறுத்துப் பார்க்கலாமா?

பழைய முனையம்:
டிஸ்க் விஷயத்தில் பொறுக்காதீர்கள். 197 என்பது படிக்கத் திணறி முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 8 அப்படியே நின்றால் யோசிக்கலாம். ஒரு வாரத்தில் மூன்று மடங்கானால் மாற்ற வேண்டியதுதான். புது டிஸ்க் செருகும் முன் இரண்டு வேலை: ரெய்டில் (ஒன்றாகச் சேர்த்து இயக்கும் டிஸ்க் தொகுதி) இருக்கும் மற்ற டிஸ்குகளின் 5, 197, 198 ஸ்மார்ட் அளவுகளைப் பாருங்கள், புது டிஸ்கை நிரப்பும் மறுகட்டமைப்பின்போது அவற்றை முழுக்கப் படித்தாக வேண்டும். பிறகு, அந்த நாஸில் இருக்கும் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்புறையை வேறிடத்தில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

காவிரிக்கரை:
அலறலுக்கு: ஒவ்வொரு கருவியின் ‘தொடர்பில் இல்லை’ ட்ரிகரையும் (எச்சரிக்கையைக் கிளப்பும் விதி) ரவுட்டரின் ட்ரிகரைச் சார்ந்ததாக வையுங்கள். ரவுட்டர் விழுந்தால் அதன் செய்தி ஒன்று மட்டும் வரும். இதில் பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். ரவுட்டர் விழுந்ததை ஜாபிக்ஸ் உணரும் முன்பே சுவிட்சும் யுபிஎஸ்ஸும் முந்திக்கொண்டு செய்தி அனுப்பிவிடும். ரவுட்டருக்கு மூன்று பிங் தவறினால், பின்னாலிருப்பவற்றுக்கு ஐந்து தவறினால் என்று வையுங்கள். டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, பேக்கப் தோல்வி ஆகிய மூன்றையும் வேறு டெலிகிராம் குழுவுக்குப் பிரித்துவிடுங்கள். அந்தக் குழுவில் தம்பியோடு நீங்களும் இருங்கள்.

திருப்பூர் அலுவலகத்தில் மின்சாரம் போனால் ஜாபிக்ஸும் சேர்ந்தே போய்விடும், செய்தி அனுப்ப ஆள் இருக்காது. வெளியே ஒரு சிறிய வாடகை சர்வரிலிருந்து திருப்பூர் அலுவலகத்தை மட்டும் பிங் செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

பின்னல்நகர்:
டிஸ்க் வாங்க முதலாளி ஒப்புதல் கொடுத்துவிட்டார். மீட்டெடுப்புச் சோதனையில் போன மார்ச் மாதச் சாயச் சேர்மானக் கோப்புறை ஒழுங்காகத் திறந்தது. ட்ரிகர் சார்பை இன்று மாலை ஷிப்ட் மாறும்போது, பெருந்துறை லைனை நானே பிடுங்கிப் பார்த்துச் சோதிக்கிறேன்.

நொய்யல்:
எங்களிடம் நான்கு கிளை ரவுட்டர் பதிப்பு 1-இல் இருந்தன. ஒன்று மிகப் பழையது, 2சி ஏற்கவில்லை. அதற்கு என்ன செய்வது?

பழைய முனையம்:
கேட்கும் இடைவெளியை 30 நொடியாக்குங்கள். 100 மெகாபிட் லைனில் 32 பிட் எண்ணி சுற்றிவர 343 நொடி ஆகும், அதனால் சமாளிக்கலாம். கிகாபிட் என்றால் 34 நொடியிலேயே சுற்றிவிடும். அப்போது ரவுட்டரை மாற்றச் சொல்லுங்கள்.