வெயிலில் மீன் விற்கும் அம்மாவுக்கு எந்த சன்ஸ்கிரீன் சரிவரும்?

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. துறைமுகத்தில் மீன் எடுத்து, 30 வருடமாகத் தெருத்தெருவாக விற்கிறார். கண்ணோரமும் கழுத்தும் பாட்டிக்குச் சுருங்கியது போலச் சுருங்கிவிட்டன. ஆனால் ரவிக்கைக்குள் மறைந்திருக்கும் தோள்பட்டை இன்னும் வழவழப்பாகவே இருக்கிறது! வயதைவிட வெயில்தான் அதிகம் வேலை காட்டியிருக்கிறது.

வயதாக ஆகத் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் குறையுமாம், புற ஊதாக் கதிர்கள் அதை இன்னும் வேகமாகச் சிதைக்குமாம். சரி, எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்கிறார்கள். தலையில் கூடை, முகமெல்லாம் வியர்வை, கையெல்லாம் செதில். எப்படிப் பூசுவது? அம்மாவோ மஞ்சளே போதும் என்கிறார். (பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வெள்ளையாக்கும் கிரீமைப் பூசி முகம் எரிந்ததோடு சரி, எந்தக் கிரீமையும் நம்புவதில்லை.)

வியர்வையில் வழியாத, 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சன்ஸ்கிரீன் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? பகலெல்லாம் வெயிலில் திரிபவர்கள் இரவில் ரெட்டினால் (சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை) பூசலாமா? அப்புறம், புதுச்சேரி ஜிப்மரில் தோல் மருத்துவரைப் பார்க்கக் காலையில் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டுத்தான் அம்மா வரவேண்டும்.