சாம்பல்தலை ஈப்பிடிப்பானை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கோத்தகிரி_தபால்:
வணக்கம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் பிரித்து அடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பறவை நோட்டிலும் குடும்பத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ஈப்பிடிப்பான் பக்கத்தில் அரசவால், நீலகிரி, சாம்பல்தலை என மூன்று பேர். என் பழைய கையேட்டில் மூன்றும் ஒரே குடும்பம்தான். போன வாரம் பேரன் கைபேசியில் புதிய பட்டியலைக் காட்டினான். மூன்றும் மூன்று குடும்பமாம்!

மற்ற இரண்டை விடுங்கள், சாம்பல்தலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சனிக்கிழமை லாங்வுட் சோலையில் அரை மணி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிட்டுக்குருவியை விடச் சிறிசு. தலையும் மார்பும் சாம்பல், வயிறு எலுமிச்சை மஞ்சள். கிளையில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருக்கும், சட்டென்று பாய்ந்து காற்றிலேயே பூச்சியைப் பிடிக்கும், அதே கிளைக்குத் திரும்பும். இது ஈப்பிடிப்பான் இல்லை என்றால் வேறு எது?

பாசிக்கூடு:
ஐயா, உங்கள் அலுவலகத்தில் காக்கிச் சட்டை போட்ட எல்லாரும் அண்ணன் தம்பியா? ஈப்பிடிப்பான் என்பது தொழிற்பெயர். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது உங்கள் மூவருமே தூரத்து ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. அரசவால், மோனார்க்கிடே குடும்பம். காக்கை, கரிச்சான் கிளையில் வருகிறது. நீலகிரி ஈப்பிடிப்பான் மட்டும் பழைய மஸ்கிகாபிடே குடும்பத்திலேயே இருக்கிறது; அதற்கு மைனாவும் பூங்குருவியும் உறவு. சாம்பல்தலையின் குடும்பம் ஸ்டெனோஸ்டிரிடே, 2005இல்தான் அந்தப் பெயரே வைத்தார்கள். அதற்குக் கிட்டத்து உறவு பட்டாணிக் குருவி வகையறா.

கோத்தகிரி_தபால்:
பட்டாணிக் குருவியா! அது என் வீட்டு வேலியில் தலைகீழாகத் தொங்கிப் புழு பொறுக்குகிறது. இதன் அலகைப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பக்கம் அகன்று தட்டையாக, இரண்டு ஓரத்திலும் மீசை முடி. ஈப்பிடிப்பான் அலகு அச்சு அசலாக.

நுவரெலியா_மழை:
அந்த அலகுதான் ஐயா ஆரம்பத்திலேயே ஏமாற்றியது. எங்கள் மலைக்காடுகளில் இது வழமையாகக் காணக்கூடிய குருவி. 1820இல் ஸ்வைன்சன் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'சிலோனென்சிஸ்' என்று எங்கள் தீவையே சேர்த்தார். ஆனால் போட்ட பேரினம் பிளாட்டிரிங்கஸ், அதாவது தட்டை அலகு. இன்றைக்கு அந்தப் பேரினத்தில் இருப்பவை எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலக் காட்டுக் குருவிகள், நம்முடையதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிறகு 1871இல் ஸ்வின்ஹோ, கொசு பிடிப்பவர் என்ற பொருளில் கியூலிசிகாபா என்று புதுப் பேரினம் வைத்தார். பறக்கும் பூச்சியைப் பிடிப்பதே பிழைப்பு என்றால் எந்த வம்சத்துக்கும் இப்படி ஒரு அலகு வரும் என்பது விளங்குகிறதுதானே?

பாசிக்கூடு:
அதேதான். இன்னொன்று, ஸ்டெனோஸ்டிரிடேயில் மொத்தமே ஒன்பது இனங்கள். குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது தென்னாப்பிரிக்க வறண்ட புதர்களில் வாழும் ஒரு குட்டிக் குருவி. ஆப்பிரிக்காவிலேயே இன்னும் ஐந்து. இமயமலையில் மஞ்சள் வயிற்று விசிறிவால். அதையும் முன்பு விசிறிவால் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ், சுலவேசி பக்கம் முழு மஞ்சளாக ஒன்று. அப்புறம் உங்கள் லாங்வுட் ஆசாமி. ஐயா, அடுத்த முறை போனால் பாசி பிடித்த அடிமரங்களையும் பாருங்கள். மரத்தோடு ஒட்டி அரைக் கிண்ணம் மாதிரி பாசியிலேயே கூடு கட்டும். நான் ஒரு கூட்டுக்கு எதிரே நின்று டீ குடித்துவிட்டு, அது கூடு என்றே தெரியாமல் வந்தவன்.

கோத்தகிரி_தபால்:
சரி, தோற்றேன். நேற்று ராத்திரி தனிப்பக்கம் போட்டுவிட்டேன். மேலே குடும்பப் பெயர், கீழே ஒற்றைப் பெயர், மிச்சமெல்லாம் காலி. தென்னிந்தியாவில் அந்தப் பக்கத்துக்கு வேறு ஆளே கிடையாதாமே. அரசவாலுக்கும் வேறு பக்கம் ஒதுக்கியாயிற்று.

பேரன் விடுவதாக இல்லை. குண்டுக்கரிச்சானைப் பூங்குருவிப் பக்கத்தில் இருந்து எடுத்து ஈப்பிடிப்பான் பக்கத்தில் எழுது என்கிறான். தரையில் தத்தித் தத்திப் புழு தின்கிற குண்டுக்கரிச்சானையா? இதுவாவது அவன் விளையாட்டா, நிஜமா?

நுவரெலியா_மழை:
நிஜம்தான் ஐயா. எழுதிவிடுங்கள்.