பழைய டயானா 10: குழலில் பழுப்புத் துகள், குண்டுக்கு வேகமே இல்லை

கேள்வி: குழலும் குண்டும் (லெஸ்டர், இங்கிலாந்து)

எங்கள் சுடும் கழகத்தில் வயதான உறுப்பினர் ஒருவர், கண்பார்வை குறைந்துவிட்டது என்று சொல்லித் தம் பழைய டயானா 10 காற்றுக் கைத்துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டார். 4.5 மி.மீ., குழலை மடக்கிச் சுருள்வில்லை ஏற்றும் வகை. இருபது ஆண்டுகளாகப் பெட்டியிலேயே இருந்ததாம். மேலே கீறல்கூட இல்லை.

ஆனால் சுட்டால் கேவலமாக இருக்கிறது. பத்து மீட்டரில் குண்டு அட்டையின் அடி விளிம்பில் போய்ப் படுகிறது. துளை வெட்டினாற்போல விழாமல் அட்டையைக் கிழிக்கிறது. துணியைக் குழலில் விட்டு இழுத்தால் பழுப்பாக, பிசுபிசுப்பாகத் துகள் வருகிறது. துரு என்று நினைத்துத் தையல் இயந்திர எண்ணெய் நான்கு சொட்டு விட்டேன். அடுத்த சூட்டில் 'டமார்' என்று சத்தம், குழல் வாயில் நீலப் புகை. பயந்து நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று: இதில் டயானா என்று எங்குமே இல்லை, 'ஒரிஜினல்' என்றுதான் இருக்கிறது. போலிப் பொருளோ?

பதில்: பத்து மீட்டர்

குழல் மடங்கும் இடத்தில் ஒரு சீல் வளையம் உண்டு. அது தேய்ந்தால் காற்று கசியும். மெல்லிய டிஷ்யூத் தாளைக் கிழித்து அந்த இணைப்பின்மேல் போட்டு, குண்டு போட்டு ஒரே ஒரு முறை சுடுங்கள். தாள் துள்ளினால் வளையத்தை மாற்றினாலே போதும், மலிவான வேலை.

கேட்டவர்: குழலும் குண்டும்

செய்து பார்த்தேன். தாள் அசையவே இல்லை.

பதில்: நெக்கர் கரை (ஜெர்மனி)

தம்பி, இனி ஒரு குண்டும் சுட வேண்டாம். முக்கியமாக எண்ணெய் வேண்டாம். வில் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொண்டது, டீசல் எஞ்சினில் நடப்பதேதான். அந்த 'டமார்' வில்லுக்கும் கேடு, சீலுக்கும் கேடு.

நீங்கள் துரு என்று நினைத்தது பிஸ்டன் தலையிலிருந்த சீல். அந்தக் காலத்து டயானாக்களில் போட்ட செயற்கைப் பொருள் வயதானால் தானாகவே உதிரும். சுட்டதால் தேய்ந்ததன்று, பெட்டியில் தூங்கினாலும் அதற்கு இதே கதிதான். கீறல் இல்லாத துப்பாக்கி கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்குபவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

போலி அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டயானா என்ற பெயரும் இயந்திரங்களும் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போய், ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்திடம் சேர்ந்தன. அதனால் இங்கே ராஸ்டாட் நகரில் மேயர் அண்டு கிராமல்ஸ்பாகர் நிறுவனம் செய்த அசல் டயானா, உங்கள் நாட்டுக் கடைகளில் அந்தப் பெயரில் விற்க முடியாமல் 'ஒரிஜினல்' ஆயிற்று. பெற்ற பிள்ளைக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட்ட கதை.

ஒன்று சொல்லுங்கள்: சுடும்போது உதைக்கிறதா?

கேட்டவர்: குழலும் குண்டும்

இல்லை அண்ணா. கையில் அசைவே தெரியவில்லை. மூடியைக் கழற்றி நானே சீலை மாற்றலாமா? காணொளிகள் இருக்கின்றன.

பதில்: நெக்கர் கரை

வேண்டாம். உதைப்பு இல்லை என்பது உங்களுக்கு நல்ல செய்தி, ஆனால் கழற்றினால் அது போய்விடலாம். இதற்குள்ளே இருப்பது கிஸ் அமைப்பு. இரண்டு பிஸ்டன்கள். ஒன்று முன்னோக்கிப் பாய்ந்து காற்றை அழுத்துகிறது. மற்றொன்று அதே கணத்தில் பின்னோக்கி ஓடி முதலாவதின் அதிர்வைத் தின்றுவிடுகிறது. இரண்டையும் பற்சட்டங்களும் பற்சக்கரமும் கோத்திருக்கின்றன. திரும்பப் பூட்டும்போது ஒரே ஒரு பல் தள்ளிப்போனாலும் பிஸ்டன்கள் ஒருசேர ஓடாது. உதைக்கும், இரும்பு இடிக்கும், பற்கள் உடையும். இத்தனைக்கும் வில் இறுக்கத்தில் இருக்கும்; பிடிகருவி இல்லாமல் திறந்தால் பாகங்கள் முகத்துக்கு வரும்.

கிஸ் வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள், உங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள். புதிய சீல் எதனால் ஆனது என்று கேளுங்கள். பாலியூரித்தேன் என்றால் நல்லது. பழைய துகளைக் காற்றுத் துளை உட்பட முழுதும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், மிச்சம் இருந்தால் அதுவும் குழலுக்குள்தான் வரும்.

பதில்: பத்து மீட்டர்

டிஷ்யூ யோசனை சொன்னதற்கு மன்னிக்கவும், ஒரு சூடு வீணாயிற்று. ஒன்று சேர்க்கிறேன்: பழுது பார்ப்பவர் ஸ்காட்லாந்தில் இருந்தால் முதலில் பேசிவிட்டு நகருங்கள். அங்கே 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கும் சான்றிதழ் வேண்டும். இங்கிலாந்தில் இந்த வலுவுக்கு வேண்டாம்.

கேட்டவர்: குழலும் குண்டும் (ஏழு வாரம் கழித்து)

திரும்பி வந்துவிட்டது. பழுது பார்த்தவர் முதலில் கேட்டது, "எண்ணெய் விட்டாயா?" என்றுதான். பொய் சொல்லவில்லை. வில் தப்பித்தது.

தட்டைத்தலை ஈயக் குண்டு போட்டு ஐந்து சுட்டேன். ஐந்தும் அட்டையில் காகிதத் துளைப்பான் வைத்து அழுத்தியது போல வட்டமாக விழுந்தன. நான்கு அட்டையின் நடுக் கறுப்பு வட்டத்துக்குள், ஐந்தாவது என் கைத்தவறு. குண்டு போடாமல் வெறுமனே சுடக்கூடாது என்றும், ஏற்றியபடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது என்றும் அவர் இருமுறை சொல்லி அனுப்பினார்.

உள்ளேயிருந்து சுரண்டியதை ஒரு சிறு புட்டியில் போட்டுத் தந்தார். சமையலறை மேசையில் வைத்திருந்தேன். மனைவி பெருங்காயம் என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டார்.