சீனிவாசராவ் நினைவுக்கல்லில் 'சாணிப்பால்' என்று வெட்டலாமா?

கல்லல்காரி:
எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் விவசாயிகள் சங்கத் தலைவர் தோழர் பி. சீனிவாசராவுக்கு நினைவுக்கல் நடப்போகிறோம். அவர் போராடியது கீழத்தஞ்சையில், இங்கே எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கண்மாய் வறண்ட வருடங்களில் என் அப்பத்தா அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கம் கதிர் அறுக்கப் போவார். இடது சுண்டுவிரலில் அந்த அரிவாள் வெட்டின தழும்பு கடைசிவரை இருந்தது. பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்ததையும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றியதையும், சங்கம் வந்த பிறகு அது நின்றதையும் அங்கே கேட்டுவந்து எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

கல்லில் 'சாணிப்பால்' என்ற சொல்லே வேண்டாம், ஊருக்குக் கேவலம் என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன எழுதலாம்?

தேவகோட்டை ரஸ்தா:
அக்கா, திருத்துறைப்பூண்டியில் அவருடைய நினைவிடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காரைக்குடியில் ரயில் ஏறினால் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகப் போய் இறங்கலாம். செப்டம்பர் 30 அவருடைய நினைவு நாள்.

பழைய சங்கத்து ஆள்:
கேவலம் குடித்தவனுக்கா, குடிக்க வைத்தவனுக்கா? அதை முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள் அம்மா. கன்னடம் தாய்மொழியாக இருந்தவர் அவர். 1943இல் தஞ்சைக்கு வந்து, சேரிக் குடிசைகளில் தங்கி, அவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துச் சங்கம் கட்டினார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்றால் அந்தப் போராட்டங்களால்தான். 1961இல் மறைந்துவிட்டார். தோற்றம், மறைவு மட்டும் வெட்டினால் அது யாருக்கும் பொருந்தும் கல். 'சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழித்த சங்கத்தைக் கட்டியவர்' என்று எழுதுங்கள். சிலை வேண்டாம், அந்தப் பணத்தில் கல்லைப் பெரிதாக எடுங்கள், எழுத்து தூரத்திலிருந்தே தெரியட்டும்.

கல்லல்காரி:
நன்றி ஐயா. நேற்று இந்த வரியைத் தாளில் எழுதிக் கல்தச்சரிடம் கொடுத்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்த பையன், "சாணிப்பால் என்றால் என்ன?" என்று கேட்டான். கணக்கை நிறுத்திவிட்டு அவரே அவனுக்குச் சொன்னார். அவருடைய தாத்தா நாகப்பட்டினம் பக்கம் பண்ணையாளாக இருந்தவராம். அந்த ஒரு சொல்லுக்குக் கூலி வேண்டாம் என்றார். பெரியவர்களிடம் இன்று மாலை பேசப்போகிறேன்.